ஆரோக்கியம் அண்ணனின் முழங்காலும் மூன்று பந்துகளும்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வேலை மேசையின் மேல் ஒரு கால் கிடந்தது.

பயப்படாதீர்கள். செயற்கைக் கால்தான். அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்களுக்காகக் கொண்டுவந்த வடையைத் தானே தின்றுகொண்டிருந்தார். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருகிற அம்மாவுக்கு இந்த விவரம் தெரியாது, பாவம். கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். பால் போத்தலை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனவர்தான்... இன்றுவரை என் முகத்தைப் பார்த்துச் சரியாகப் பேசவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் லேத் மெஷினைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு விறகு அடுக்கி வைத்திருந்த ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கேதான் மெஷின். ஹற்றனில் ஒரு கராஜை மூடியபோது வாங்கியது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உலோகத்தைப் பிடித்துச் சுழற்றும். நாம் ஒரு கூரான டூலை அதன் மேல் மெல்லக் கொண்டுபோனால், ஆப்பிள் தோல் மாதிரி சீவிக்கொண்டு வரும். குக்கர் மூடிக்குக் குமிழ், தையல் மெஷினுக்கு ஆணி, பள்ளிக்கூட மணிக்கு நாக்கு... இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். விடுமுறை நாளில் மற்றவர்கள் டிவி பார்க்கிறார்கள். நான் இரும்பு சீவுகிறேன். இதில் என்ன தப்பு?

தப்பு இல்லைதான். ஆனால் வாசலுக்கு வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், சார் இல்லீங்களா? ஒரு சாமான் கடையணும்."

சார், அதாவது என் வீட்டுக்காரர், இருக்கிறார். தபால் கந்தோரில் வேலை. மெஷின் ஓடத் தொடங்கினாலே இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார்.

சரி, காலுக்கு வருவோம்.

கால் ஆரோக்கியம் அண்ணனுடையது. பஜாரில், பஸ் திரும்புகிற இடத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ஒரு லொறி விபத்தில் வலது காலை இழந்தவர். முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். கண்டியில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதற்கு மடங்கி நிமிர்கிற முழங்கால் உண்டு. அந்தக் காலோடு அவர் வடை சுட்டார், பஸ் ஏறினார், எல்லாவற்றுக்கும் மேலாக — அம்பயர் ஆனார். எங்கள் பக்கத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை சொஃப்ட்போல் கிரிக்கெட் என்றால் ஆரோக்கியம் அண்ணன் நடுவில் நிற்க வேண்டும். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, பையில் பந்து எண்ணுவதற்கு ஆறு புளியங்கொட்டை.

"நம்மளத்தான் டீச்சர் உண்மையிலேயே ஒத்தக் கால்ல நிக்கிறவன்னு சொல்லலாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவுட் கொடுத்தால் கொடுத்ததுதான். மாற்றவே மாட்டார்.

அந்தப் பிடிவாதத்தில்தான் கதை தொடங்குகிறது.

அதற்கு முந்திய ஞாயிறு ஒரு தோட்டத்தின் மேக்கணக்குக்கும் கீக்கணக்குக்கும் அரையிறுதிப் போட்டி. (கணக்கு என்றதும் என் பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தின் மேல் பிரிவையும் கீழ்ப் பிரிவையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) மேக்கணக்கு கடைசி விக்கெட். மூன்று பந்து பாக்கி. வெற்றிக்கு நான்கு ஓட்டம். மட்டையோடு நிற்பது ரமேஷ். த்ரீவீல் ஓட்டுகிற தம்பி. அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்த்தான் விழும்.

பந்து வந்தது. ரமேஷ் மட்டையை வீசினார். பந்து கீப்பர் கையில். மட்டையில் உரசியதா, இல்லையா? கீக்கணக்கு முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

அந்த வினாடியில் ஆரோக்கியம் அண்ணனின் கை வானத்தை நோக்கி உயர்ந்தது. அதே வினாடியில் ஆரோக்கியம் அண்ணனும் தரையில் விழுந்தார்.

கீக்கணக்குப் பையன்கள் துள்ளிக் குதித்து, ஸ்டம்பைப் பிடுங்கி, ஆட்டம் முடிந்தது என்று ஓடிவிட்டார்கள். ரமேஷ் மட்டும் அவரைத் தூக்கி நிறுத்தி, தொப்பியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டாராம்.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அவுட் குடுத்தீங்களா, இல்ல விழுந்தீங்களா?"

"அவுட் குடுத்துட்டுத்தான்டா விழுந்தேன்!"

இந்த ஒரு வசனம் ஒரு வாரம் பஜாரைப் பிழிந்து எடுத்தது. பஸ்ஸில் அதே பேச்சு. மீன் கடையில் அதே பேச்சு. என் வகுப்பில் மேக்கணக்குப் பிள்ளைகள் ஒரு பக்கமும் கீக்கணக்குப் பிள்ளைகள் மறு பக்கமும் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். போதாததற்கு விளையாட்டுக் கழகச் செயலாளர் ஆரோக்கியம் அண்ணன் கடைக்கே போய், ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு, மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "அண்ணே, ஃபைனலுக்கு நீங்க ஸ்கோர் எழுதுங்களேன். உக்காந்துகிட்டே செய்யலாம்."

உட்கார்ந்துகொண்டே! அம்பயரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

சனிக்கிழமை காலையில் அவர் என் வாசலில் நின்றது அதனால்தான். நடந்து வரும்போதே கேட்டது. டக்... டக்... டக்... ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் பக்கவாட்டில் ஆடியது.

"சார் இல்லீங்களா?" என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே நான் அவரை உள்ளே விட்டேன்.

"டீச்சர், நாளைக்கி ஃபைனல். இந்த முட்டிய மட்டும் ஆடாம பண்ணிக் குடுங்க."

நான் முதலில் மாட்டேன் என்றேன். குக்கர் குமிழ் கழன்றால் சோறு வேகாது. முழங்கால் கழன்றால் ஆள் விழுவார். இது விளையாட்டு இல்லை. கால் பொருத்திய இடத்துக்கே போகச் சொன்னேன். போயிருக்கிறார். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். ஒன்றரை மாதம் ஆகுமாம்.

சரி, அங்கே இந்தக் காலைப் பார்க்கிறவரிடம் நானே பேசுகிறேன் என்று போன் எடுத்தேன். என் சிங்களம் கடைக்குப் போய்ப் பருப்பு வாங்க மட்டும் போதுமானது. 'முழங்கால்' என்பதற்குச் சிங்களச் சொல் எனக்கு எப்படித் தெரியும்? 'காலின் நடுவில் இருக்கிற கதவு' என்றேன். அந்த மனிதர் நல்லவர். சிரிக்காமல் புரிந்துகொண்டார். முழங்காலைக் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

விஷயம் இதுதான். முழங்காலின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு போகிறது. அந்தத் தண்டு ஒரு வெண்கல வளையத்துக்குள் உட்கார்ந்து திரும்புகிறது. புஷ் என்பார்கள். கட்டைவிரலுக்குப் போடுகிற மோதிரத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் எப்படி இருக்கும், அவ்வளவுதான் அது. தண்டு நன்றாக இருக்கிறது. வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. அந்த மனிதர் அளவைச் சொன்னார். உள்ளே பத்து மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு மட்டும் இடம் விடலாம். நல்ல வெண்கலத்தில் செய்து போடலாம், ஆனால் வரும் புதன்கிழமை கண்டிக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரை மலை ஏறக் கூடாது என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆரோக்கியம் அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முன்னால் மலை. பின்னால் மலை. எங்கள் வீட்டு வாசலுக்கு வரவே முப்பது படி.

"மல ஏறாம இங்க எங்கிட்டுங்க போறது?"

நூறில் இரண்டு பங்கு என்றால் எவ்வளவு தெரியுமா? உங்கள் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, அதை மூன்று நான்காகப் பிளந்தால் ஒரு பிளவு. அந்த அளவு இடைவெளி விட்டால் தண்டு வழுக்கிக்கொண்டு திரும்பும். அதைவிடக் குறைந்தால் சிக்கிக்கொள்ளும். கூடினால் டக்... டக்...

வெண்கலத்துக்கு எங்கே போவது? தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டுகிற பழைய மெஷினைக் கழற்றியபோது, அங்கே வேலை செய்கிற ஒருவர் எனக்குக் கொடுத்த துண்டு ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. அளந்து பார்த்தேன். இரண்டு புஷ் செய்யலாம். மூன்றாவதுக்கு இடமில்லை.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் தன் வாடிக்கையாளரிடம் "போய்ட்டு சாயந்தரம் வாங்க" என்று சொல்லலாம். நான் எப்படிச் சொல்வது? அவர் போவதற்கான கால் என் மேசையில் இருக்கிறது. ஆக, அவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தவர் சும்மாவும் இருக்கவில்லை.

"டீச்சர், ரொம்ப வேகமா சுத்துதோ?"

"இல்லண்ணே."

"பொன்னு மாதிரி உதிருதே. இத அள்ளி வச்சா நகைக்கடையில எடுப்பானா?"

"எடுக்க மாட்டாங்கண்ணே."

"அந்த ரமேஷ் பய இருக்கானே..."

இப்படித்தான் அரையிறுதிப் போட்டிக் கதை ஆரம்பித்தது. ஏற்கெனவே பஜாரில் பத்து முறை கேட்ட கதை. ஆனால் சம்பந்தப்பட்ட முழங்காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வாயாலே கேட்பது வேறு. கீப்பராக நடித்தார். ரமேஷாக நடித்தார். கீக்கணக்குக் கூட்டமாகவும் நடித்தார். என் வீட்டுக்காரர் வேறு கதவோரம் வந்து நின்று, "பெறகு? பெறகு?" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள் துளையைச் சீவிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் நூறில் பன்னிரண்டு பங்கு சீவ வேண்டும். கைப்பிடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒன்றாக அளவுக் கோடுகள் இருக்கும். பன்னிரண்டு கோடு திருப்பினேன்.

"...கைய இப்படித் தூக்கினேன் பாருங்க!"

டூல் உள்ளே போனது. தங்கத் தூள் மாதிரி வெண்கலம் கொட்டியது. மெஷினை நிறுத்தி, இரும்புத் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

கிலுகிலுப்பை மாதிரி ஆடியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டூல் ஒரு பக்கம்தான் நகர்கிறது. ஆனால் உலோகம் சுழல்கிறதே? ஆகவே துளை இரண்டு பக்கமும் அகலமாகும். பன்னிரண்டு பங்கு எடுக்க வேண்டும் என்றால் ஆறு கோடுதான் திருப்ப வேண்டும். லேத் பிடிக்கிறவர்கள் முதல் நாள் படிக்கிற பாடம் இது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. இரண்டால் வகு!

பெரிதாகிப்போன துளையை மறுபடி சின்னதாக்கவும் முடியாது.

"என்னாச்சு டீச்சர்?"

இப்போது நான் செய்ததைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். இரண்டால் வகுக்க மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது?

"பழைய வெங்கலம்ணே. உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்கு. அதான் உடைஞ்சிருச்சு." சொல்லிவிட்டுப் புஷ்ஷை அவர் கையில் கொடுக்காமல் லாச்சிக்குள் போட்டேன். அதோடு விட்டேனா? "நீங்க பேசிக்கிட்டே இருந்தா எனக்கும் கவனம் செதறுதுண்ணே. இனிமே யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஆரோக்கியம் அண்ணன் முகம் சின்னதாகிவிட்டது. இன்னொரு வடையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

இருந்தது கடைசித் துண்டு. இதுவும் போனால் நாளை அவர் உட்கார்ந்துகொண்டு ஸ்கோர் எழுத வேண்டியதுதான். நான் ஒவ்வொரு கோட்டையும் தாளில் எழுதி, வகுத்து, மறுபடி வகுத்து, அதன் பிறகே கைப்பிடியைத் தொட்டேன். மெஷின் சத்தம் மட்டும்தான். வெளியே பனி இறங்கி ஜன்னலை மூடியது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஓரக்கண்ணால் பார்த்தால், ஆரோக்கியம் அண்ணன் இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்பயர் வைட் காட்டுவது போல. என்னவாம்? வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வடைத் தட்டைத் தள்ளி வைத்தார். இல்லை என்று தலை ஆட்டினார். கதவைச் சாத்தினார். ஆமாம் என்று தலை ஆடியது. குளிர்!

அதன் பிறகு இருவரும் முழு மொழியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான்குக்குக் கை அசைத்தால் இன்னொரு தேத்தண்ணி. நோ போலுக்குக் கையை நீட்டினால் சீனி கூடிவிட்டது. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சீவினேன்.

மதியம் தாண்டியது. புஷ் ஆறட்டும் என்று காத்திருந்தேன். சூட்டோடு அளந்தால் உலோகம் பொய் சொல்லும். ஆறிய பிறகு இரும்புத் தண்டைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் வைத்து, புஷ்ஷின் வாயில் பொருத்தினேன். நான் தள்ளவில்லை. தண்டு தானாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. திருப்பிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு திரும்பியது.

நிமிர்ந்து பார்த்தேன். ஆரோக்கியம் அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார். சிக்ஸர்!

புஷ்ஷை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்து அழுத்தி முழங்காலுக்குள் ஏற்றினேன். எல்லாவற்றையும் பூட்டினேன். அவர் காலை மாட்டிக்கொண்டு முதலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். பிறகு சுவரை விட்டார். பின்கட்டில் போனார், வந்தார். போனார், வந்தார். முப்பது படியில் பாதி இறங்கி ஏறினார். சத்தமே இல்லை. நான் தரையில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். செருப்புச் சத்தம் மட்டும்தான்.

கை தட்டலாமா என்று நான் நினைத்தபோது, அவர் வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என்னண்ணே, இறுக்கமா இருக்கா?"

"இல்ல டீச்சர். நல்லா இருக்கு. அதான் பிரச்சினை."

நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அன்னைக்கி ரமேஷ் அவுட்டான்னு எனக்குத் தெரியாது டீச்சர். மட்டையில பட்ட சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. முட்டி கழண்ட சத்தம்தான் கேட்டுச்சு. விழாம இருக்கக் காத்தப் புடிச்சேன். அத அவுட்டுன்னு நெனைச்சு அந்தப் பயலுக குதிச்சிட்டானுக."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எப்புடிங்க சொல்றது? தரையில கெடந்துகிட்டு, முட்டி கழண்டிருச்சுன்னு சொல்றதா? சொன்னா அன்னையோட நம்ம அம்பயர் வேலை முடிஞ்சிச்சு. நொண்டிக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்ல? அவுட் குடுத்துட்டுத்தான் விழுந்தேன்னு சொல்லிட்டேன். சொன்னத மாத்தாத ஆளுன்னு பேரு வேற இருக்கு." முழங்காலை ஒரு முறை மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். "இம்புட்டு நாளும் கால் ஆடுச்சு, அதனால மறைச்சேன். இப்ப ஆடல. இனிமே எதுக்குங்க மறைக்கணும்?"

 

எனக்கு லாச்சி ஞாபகம் வந்தது. ஒரு மனிதர் தன் பேரையே பணயம் வைத்து உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் மட்டும் கூடுதலாகத் திருப்பிய ஆறு கோட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். லாச்சியைத் திறந்து முதல் புஷ்ஷை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"அண்ணே, இதுல ஓட்டை ஒண்ணும் இல்ல. வெங்கலம் நல்ல வெங்கலம். நான்தான் ரெண்டால வகுக்க மறந்துட்டேன்."

வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "யாரு? கணக்கு டீச்சரா?"

"ஆமா."

"ரெண்டாலயா?"

"ஆமாங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் ஆணி டப்பா கவிழ்ந்தது. ஆனால் ஆரோக்கியம் அண்ணன் சிரிக்கவில்லை. புஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் வருத்தமான குரலில் கேட்டார்.

"அப்ப நான் பேசினதால கெட்டுப்போகலியா? ரெண்டு மணி நேரமா வாய மூடிக்கிட்டு இருந்தேனே டீச்சர்!"

பிழை எல்லோருக்கும் வரும். வந்த பிழையை மறைக்க நாம் படுகிற பாடு இருக்கிறதே... அதில் பாதி உழைப்பைப் பாடத்தில் போட்டிருந்தால் என் மாணவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போயிருப்பார்கள். நானும் ஒரு பெரிய பேராசிரியர் ஆகியிருப்பேன். நீங்கள் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிரவுண்டுக்குப் போனோம். கிரிக்கெட் எனக்குப் பிடிக்காது. புஷ்ஷைப் பார்க்கத்தான் போனேன்.

ஃபைனல் தொடங்குவதற்கு முன் ஆரோக்கியம் அண்ணன் நடுவில் போய் நின்று, இரண்டு கணக்குப் பையன்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மைக் இல்லை. தேவைப்படவும் இல்லை.  அடுத்த நிமிடம் மலை அதிர்ந்தது.

"நாங்க ஃபைனலுக்குச் சோறெல்லாம் ஆக்கிட்டோம் அண்ணே!" என்று கீக்கணக்குக் கேப்டன் தலையில் கை வைத்தார். மேக்கணக்குப் பையன்கள் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். செயலாளர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்தப் பந்தைக் கணக்கில் சேர்க்காமல், எங்கே விட்டதோ அங்கேயிருந்து ஆரம்பம்; அதில் ஜெயிக்கிறவர்களுக்கே ஃபைனல். மூன்று பந்து. நான்கு ஓட்டம். கடைசி விக்கெட்.

மூன்றே மூன்று பந்து பார்ப்பதற்கு அவ்வளவு கூட்டத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. லயத்து வீடுகளிலிருந்து சனம் பிள்ளைகுட்டிகளோடு இறங்கி வந்து, தேயிலைச் செடிகளின் நடுவில் நின்றது.

"ஆனா அம்பயர் வேற ஆள் நிக்கட்டும்" என்றது ஒரு குரல்.

ஆரோக்கியம் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். அப்போது ரமேஷ்தான் மட்டையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "அவருதான் நிக்கணும். விழுந்தத விழுந்தேன்னு சொல்ற அம்பயரு வேற யாரு இருக்கா? வேற ஆள்னா நான் ஆட மாட்டேன்."

தொப்பி மறுபடி தலைக்குப் போனது.

முதல் பந்து. என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதே மாதிரி ரமேஷ் மட்டையை வீசினார், அதே மாதிரி கீப்பர் பிடித்தார், அதே மாதிரி கீக்கணக்கு வானத்துக்குக் குதித்துக் கத்தியது.  ஆரோக்கியம் அண்ணன் அசையவில்லை. நட்ட கம்பம் மாதிரி நின்றார். தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். இல்லை.

"காது கேக்கலியா அம்பயரு?" "செவுட்டு அம்பயரு!" "காதுக்கு மருந்து ஊத்துங்கடா!"

கூட்டம் கூச்சல் போட்டது. ஆரோக்கியம் அண்ணன் நாங்கள் நின்ற பக்கம் திரும்பினார். தன் காதைத் தொட்டுக் காட்டி, அவ்வளவு பல்லும் தெரியச் சிரித்தார்.

"டீச்சர், கேட்டீங்களா? காதுதானாம்!"

உண்மைதான். அந்தக் கிரவுண்டில் ஒரே ஒருவர்கூட அவர் காலைப் பற்றிப் பேசவில்லை. உலகத்தில் எல்லா அம்பயர்களும் வாங்குகிற சாதாரணத் திட்டு அது. அவருக்கு அது மாலை மாதிரி இருந்தது.

இரண்டாவது பந்தை ரமேஷ் தவறவிட்டார். மூன்றாவது பந்துக்கு ஏறி வந்து, ஊரே பார்க்கும்படி மட்டையைச் சுழற்றினார். பந்து அவரைத் தாண்டிப் போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

அவ்வளவுதான். ஒரு வாரச் சண்டை, ஒரு முழங்கால், இரண்டு வெண்கலத் துண்டு... கடைசியில் ஜெயித்தது அதே கீக்கணக்கு.

ஆனால் ரமேஷ் போகவில்லை. சாய்ந்த ஸ்டம்பைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற ஆரோக்கியம் அண்ணனைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சத்தமாகக் கேட்டார்.

"அம்பயரு... அவுட்டா?"

ஸ்டம்ப் விழுந்த பிறகு அம்பயரைக் கேட்கத் தேவையே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஆரோக்கியம் அண்ணன் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நிமிர்ந்து, அவசரமே இல்லாமல் ஒரு விரலை உயர்த்தி, எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள். நான் மட்டும் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்!